இரண்டாம் சரணத்தின் நடுக்கம்

ஜூலை 1, திங்கள்

இன்று என் வயிற்றை மாஸ்டரிங் செய்தேன். வெளியே சொன்னால் மானம் போகும் என்பதால் இங்கே எழுதி வைக்கிறேன்.

காலையில் சாப்பிடாமல் ஸ்டூடியோவுக்குப் போனது தப்பு. ஒரு முறுக்குக் கம்பெனியின் விளம்பரப் பாட்டு. கம்பெனிக்காரர் பின்னால் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு, தியானத்தில் இருப்பவர்போல் கேட்டுக்கொண்டிருந்தார். திடீரென்று கையை உயர்த்தினார்.

"சார், அடியில ஒரு உறுமல் வருது. அதைக் கொஞ்சம் எடுத்துருங்க."

பாட்டில் உறுமல் கிடையாது. உறுமியது நான். என் அறையில் சுவருக்குச் சுவர் பஞ்சு அடைத்து வைத்திருப்பதால் கொசு உட்கார்ந்தாலும் கேட்கும். வெறும் வயிறு கேட்காதா? "கரெக்டா புடிச்சீங்க சார்" என்று சொல்லிவிட்டு, எதனோடும் இணைக்கப்படாத ஒரு குமிழைப் பயபக்தியோடு இடப்பக்கம் திருப்பினேன். பிறகு பாத்ரூம் போவதாகச் சொல்லிக் கீழே இறங்கி, நின்றபடியே நாலு இட்லியை விழுங்கிவிட்டு வந்து, அதே பாட்டை மறுபடி போட்டேன்.

"இப்பப் பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு!" என்றார். நானும் தலையாட்டினேன். இருபத்தெட்டு வருட அனுபவம்.

மாஸ்டரிங் என்றால் என்ன என்று என் மாமனாருக்கு இன்றுவரை விளங்கவில்லை. மெட்டுப் போடுவது ஒருவர், பாடுவது ஒருவர், வாசிப்பது பலர், எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்து மிக்ஸ் செய்வது ஒருவர். அத்தனையும் முடிந்தபிறகு பாட்டு என்னிடம் வரும். நான் சத்தத்தை ஏற்றி, முரட்டு இடங்களை இழைத்து, தலையையும் வாலையும் நறுக்கி ஊருக்கு அனுப்புவேன். கல்யாண வீட்டில் பந்திக்குப் போகும் முன் சாம்பாரை உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்து உப்புப் போடுகிற ஆள் இருப்பாரே, அவர்தான் நான். நன்றாக இருந்தால் சமையல்காரருக்குப் பெயர். கரித்தால் எனக்கு.

"அப்ப நீங்க பாட்டு போடறதில்ல?" என்று மாமனார் போன ஈஸ்டருக்கும் கேட்டார்.

ஜூலை 3, புதன்

அகிலேஷ் ஒரு பாட்டு அனுப்பியிருந்தான். சின்னப் பையன், இது அவனுக்கு இரண்டாவது படம். மரியாதை தெரிந்தவன். ஃபைலின் பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். 'வசுமதி' என்று இருந்தது.

போன் போட்டேன். "என்னப்பா, அக்காவையே புடிச்சிட்டியா?"

"ஆமா சார். கால்ல விழாத குறையா கேட்டுச் சம்மதிக்க வச்சேன். சார், ஒண்ணும் பெரிசா பண்ண வேணாம். சும்மா சத்தத்த ஏத்தி மட்டும் குடுங்க. டைரக்டருக்குப் போட்டுக் காட்டணும். நான் ஏர்போர்ட்ல இருக்கேன், அப்புறம் பேசறேன்."

வசுமதி அக்கா பாடி ஒன்பது வருடம் இருக்கும். கழுத்தில் ஆபரேஷன் ஆனபிறகு மைக் பக்கமே வரவில்லை. அதற்கு முன்னால் அவர் இல்லாத கேசட் கடை கிடையாது. கேசட் காலத்தில் நான் ஒல்லியாக, முடியோடு, யாருக்கும் தெரியாத ஆளாக இருந்தபோது, "என் பாட்ட பிரகாசம் பார்த்துதான் அனுப்பணும்" என்று கம்பெனிக்காரர்களிடம் அடம்பிடித்தவர் அவர். எங்களுக்குள் ஒரு ஒப்பந்தமும் இருந்தது. பாட்டு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "குரல்ல பிசிறு ஏதாவது இருந்தா எனக்கு மொதல்ல சொல்லிடு. எனக்கு மட்டும் சொல்லு" என்பார். நானும் சொல்வேன். மறுநாள் வந்து அந்த வரியை மட்டும் பாடிக் கொடுத்துவிட்டுப் போவார். வெளியே ஒரு ஈ காக்கைக்குத் தெரியாது.

ரெண்டு வருடம் முன்னால் அவருடைய பழைய பாட்டுகளையெல்லாம் தொகுத்துப் புதிதாக மாஸ்டரிங் செய்தார்கள். பம்பாயில் யாரோ ஒருவரிடம் கொடுத்தார்கள். எனக்கு அதில் எந்த வருத்தமும் இல்லை. இதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன்.

பாட்டைப் போட்டுக் கேட்டேன். ஐயோ.

என் காதைப் பற்றி நானே பெருமையடிக்கக் கூடாது. ஆனாலும் யார் சளியோடு பாடினார், யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்து பாடினார், யார் பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவில் செல்போன் பார்த்தார் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். இந்தப் பாட்டில் ஸ்வரம் முழுக்க மெஷினால் நேராக்கியிருக்கிறார்கள். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் காலை வைத்து ஏறாமல் லிஃப்டில் போய் இறங்கினமாதிரி இருந்தது. வசுமதி அக்காவுக்கு மெஷினா? அதோடு போனாலும் பரவாயில்லை. இரண்டாம் சரணத்தின் கடைசியில் ஒரு இழுப்பு இருக்கிறது. அந்த இடத்தில் மெஷினாலும் அமுக்க முடியாமல் குரல் நடுங்குகிறது. காற்றில் ஆடும் கொடித்துணி மாதிரி.

சந்தேகம் வேண்டாம் என்று பாட்டைக் காரில் போட்டும் கேட்டேன். இது என் வழக்கம். ஸ்டூடியோவில் எல்லாப் பாட்டும் அழகாகத்தான் இருக்கும். ஊர் கேட்கப்போவது காரில்தானே. வீட்டுக்குக் கீழே வண்டியை நிறுத்திவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மேல் வீட்டு ரிட்டயர்டு தாசில்தார் கண்ணாடியைத் தட்டி, "வீட்டம்மாகூட மறுபடி சண்டையா?" என்று விசாரித்துவிட்டுப் போனார்.

காரிலும் நடுங்கியது.

அக்காவுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும். ஒப்பந்தம் என்றால் ஒப்பந்தம். நாளைக்குப் பேசுகிறேன்.

ஜூலை 4, வியாழன்

பேசவில்லை. ஏசி மெக்கானிக் வந்துவிட்டார்.

ஜூலை 6, சனி

குணசீலன் டீ குடிக்கக் கூப்பிட்டான். மெல்லிசைக் குழு வைத்திருக்கிறான். ஊர் ஊராகப் போய் மேடைக் கச்சேரி. சினிமா வட்டாரத்தில் யார் வீட்டில் பால் பொங்கினாலும் முதலில் அவனுக்குத்தான் தெரியும். இந்த மாதம் 28ஆம் தேதி கோயம்புத்தூரில் பெரிய கச்சேரி வைத்திருக்கிறான். வசுமதி அக்கா ஒன்பது வருடத்துக்குப் பிறகு மேடையேறுகிறார் என்று ஊர் முழுக்கப் போஸ்டர்.

இதை நன்றாக ஞாபகம் வைத்து எழுதுகிறேன். நான் எதுவும் சொல்லவில்லை.

"என்னண்ணே, அகிலேஷ் படத்துல அக்கா பாடறாங்களாமே. உங்ககிட்டதானே வந்திருக்கும்? எப்படி?"

"பாட்டு நல்லா இருக்கு."

"பாட்ட யாருண்ணே கேட்டா? குரலக் கேக்கறேன்."

"பாட்டு நல்லா இருக்குன்னு சொல்றேன்ல."

"ஐயய்யோ" என்றான். "ரெண்டு தடவ பாட்டு நல்லா இருக்குன்னா, குரல் போச்சுன்னு அர்த்தம். அண்ணே, எனக்கு நாலாயிரம் சேர் போட்டிருக்கு. வாயத் தொறங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. டீ கிளாஸை மட்டும் தூக்கி, அவன் கண்ணுக்கு நேராகப் பிடித்து, லேசாக ஆட்டிக் காட்டினேன். டீ நடுங்கியது. அவன் டீயைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"அவ்வளவு மோசமா?"

"இரண்டாம் சரணம்" என்றேன். அவன் கவலைப்படுகிறானே என்று பொதுவான ஒரு விளக்கமாகத்தான், மெஷின் என்ன செய்யும், என்ன செய்யாது என்று கொஞ்சம் சொன்னேன். அவன் தொழில் பாதிக்கப்படக் கூடாதில்லையா. மற்றபடி ஒரு வார்த்தை கிடையாது.

மசாலா வடை நன்றாக இருந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கீழே தையல்கடையில் என் பேன்ட் இடுப்பைத் தளர்த்தக் கொடுத்தேன். போன பொங்கலுக்கும் இதே பேன்ட்டைத்தான் தளர்த்தினார். "இனிமே விடறதுக்குத் துணி இல்ல சார்" என்கிறார்.

பழைய வயலின்காரர் ஒருவர் தவறிவிட்டார். துக்க வீட்டுக்குப் போனேன். வாசலில் பந்தலுக்குக் கீழே நம் ஆட்கள் எல்லாரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். துக்க வீட்டில் டீ கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து மனைவி ஸ்டெல்லாவிடம் யார் யார் வந்தார்கள் என்று சொன்னேன். அவள் கேட்டாள், "அங்கேயும் டீ கிளாஸை ஆட்டினீங்களா?"

"அவங்களாத்தான் கேட்டாங்க."

"எத்தனை பேரு?"

"துக்க வீட்ல யாராவது எண்ணிட்டிருப்பாங்களா?"

"அந்தம்மாகிட்ட ஒரு வார்த்த பேசினீங்களா, இல்லையா?"

"நாளைக்கு."

"குக்கர் விசில் அடிச்சுக்கிட்டே இருக்கே, அதையாவது நிறுத்தினா என்ன? பக்கத்துலதானே உக்காந்திருக்கீங்க?" என்றாள். என் கவனம் வேறு எங்கோ இருந்தது.

ஜூலை 14, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வெளியே வரும்போது பாடற்குழு மாஸ்டர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார். குரலைத் தாழ்த்தி, "விஷயம் தெரியுமா பிரகாசம்? பாடகி வசுமதி இருக்காங்களே, பாவம், பேச்சே போயிருச்சாம். வீட்ல எல்லாம் எழுதித்தான் காட்டறாங்களாம். மறுபடி ஆபரேஷனாம். ஜெபிச்சுக்குங்க" என்றார்.

"யார் சொன்னா?"

"பெரிய எடத்துலேர்ந்து வந்த செய்தி. பாட்ட மெஷின்ல போட்டுப் பாக்கற ஒருத்தர், பெரிய ஆளாம், அவரே சொன்னாராம்."

பெரிய ஆள் என்று கேட்டதும் அரை நொடி சந்தோஷமாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும். பிறகுதான் விஷயம் உறைத்தது. நான் ஒரு டீ கிளாஸ் அளவுக்கு அனுப்பியது, சத்தம் ஏற்றி, தலையும் வாலும் நறுக்கி, பளபளவென்று எனக்கே திரும்பி வந்திருக்கிறது. ஊரில் என்னைவிட நன்றாக மாஸ்டரிங் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

"அப்படியெல்லாம் இல்ல மாஸ்டர், கொஞ்சம் நடுக்கம், அவ்வளவுதான்" என்றேன். அவர் கண்கள் விரிந்தன. "அப்ப உங்களுக்கும் தெரியுமா?"

மறுக்கப் போய் உறுதி செய்துவிட்டு வந்தேன்.

ஜூலை 17, புதன்

குணசீலன் போன் செய்தான். நல்ல உற்சாகமாக இருந்தான்.

"அண்ணே, அக்கா விஷயத்தப் பக்குவமா முடிச்சிட்டேன்."

"என்ன முடிச்சே?"

"பழைய பாட்டோட குரல அப்படியே ஓட விட்டுடலாம்க்கா, நீங்க மேடையில நின்னு வாயசைச்சா போதும், ஜனம் உங்கள பார்க்கத்தானே வருதுன்னு சொன்னேன்."

எனக்குக் காது அடைத்தது. "அக்கா என்ன சொன்னாங்க?"

"'ஏன் கேக்கறே?'ன்னாங்க. இப்படியிப்படின்னு சொன்னேன். வதந்தியெல்லாம் நம்பாதேன்னாங்க. வதந்தி இல்லக்கா, பிரகாசண்ணே சொன்னதுன்னேன்."

"என் பேரச் சொன்னியா?"

"பின்னே? ரோட்ல போறவன் சொன்னான்னா நம்புவாங்களா? உங்க காதுக்குன்னு ஒரு மரியாதை இருக்கில்லண்ணே. உங்க பேரச் சொன்னதும் அடங்கிட்டாங்க. 'அப்படியா, பிரகாசமா சொன்னான்?'னு கேட்டுட்டு, கச்சேரிக்கு வேற ஆளப் பாத்துக்கன்னு போன வச்சிட்டாங்க."

குணசீலன் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். அக்காவுக்குப் பதிலாகக் கேரளாவிலிருந்து ஒரு பெண் வருகிறாளாம்.

ஜூலை 18, வியாழன்

ஒரு வேலையும் ஓடவில்லை. முறுக்குக் கம்பெனிக்காரர் பாட்டில் மறுபடி உறுமல் கேட்கிறது என்கிறார்.

ஜூலை 20, சனி

அக்காவுக்குப் போன் செய்ய உட்கார்ந்தேன். எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

முதல் முயற்சி: "அக்கா, குணசீலன் தப்பாப் புரிஞ்சுக்கிட்டான்." அவன் சரியாகத்தான் புரிந்துகொண்டான்.

இரண்டாவது: "அக்கா, நான் உங்க நன்மைக்காக…" இந்த இடத்தில் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவதாக, வெறுமனே "அக்கா" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன். அதற்குமேல் வரவில்லை. ஸ்டெல்லா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இப்ப உங்களுக்குத்தான் நடுங்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போன் செய்யவில்லை.

ஜூலை 24, புதன்

அக்காவே வந்தார்.

ஸ்டூடியோ மாடியில் இருக்கிறது. செங்குத்தான படி, தபால்காரரே பாதியில் நின்று மூச்சு வாங்குவார். அறுபது தாண்டியவர், ஏறி வந்து சாதாரணமாக நின்றார். மூச்சு வாங்கியது எனக்கு.

"உக்காருன்னு சொல்ல மாட்டியா பிரகாசம்?"

"உக்காருங்கக்கா."

சோபாவில் உட்கார்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். "ஏசி போட்டுட்டே. அப்பெல்லாம் ஃபேன் சத்தம் கேக்கும்னு அதையும் நிறுத்திட்டு பனியனோட வேர்த்துக்கிட்டு உக்காந்திருப்பே. நான் வந்தா சட்டையத் தேடுவே." சிரித்தார். குரலில் நடுக்கம் எதுவும் இல்லை. பேச்சு வேறு, பாட்டு வேறு என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

நான் குணசீலனைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். கையமர்த்தினார்.

"அவன் சொன்னதா இருந்தா சண்டை போட்டிருப்பேன். வண்டி வண்டியாத் திட்டியிருப்பேன். நீ சொன்னேன்னு சொன்னான். அப்புறம் எங்க சண்டை போடறது?" சோபாவில் முன்னால் நகர்ந்து, "எங்க நடுங்குது?" என்றார்.

"என்னக்கா?"

"டாக்டர்கிட்டப் போனா எங்க வலிக்குதுன்னு கேக்கறாரில்ல? அதுமாதிரி கேக்கறேன். எந்த எடத்துல நடுங்குது?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை வருடத்தில் அவரிடம் காதைப் பற்றி நான் பொய் சொன்னதில்லை. "ரெண்டாம் சரணம். கடைசி இழுப்பு" என்றேன்.

கண்ணை மூடினார். விரல்கள் தொடையில் தாளம் போட்டன. உதடு அசையவில்லை, உள்ளே பாடிப் பார்க்கிறார் என்று தெரிந்தது. அந்த இடம் வந்தபோது விரல் நின்றது. கண்ணைத் திறந்தார்.

"அங்கயா?"

"ஆமாக்கா."

"அது நல்லா வந்துச்சுன்னு நெனச்சேனே பிரகாசம்." ஒரு குழந்தை சொல்வதுபோலச் சொன்னார். "பாட்டுலயே அந்த எடம்தான் நல்லா வந்துச்சுன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் அதையே பாடிக்கிட்டுப் போனேன். ஆட்டோக்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தாரு."

நான் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தப்பாப் பாடறது ஒரு விஷயமே இல்ல. எத்தனையோ தடவ பாடியிருக்கேன், நீ சொல்லியிருக்கே, திருத்தியிருக்கேன். தப்புன்னே தெரியாமப் பாடிட்டு சந்தோஷமா வீட்டுக்குப் போயிருக்கேன் பாரு. அப்ப முடிஞ்சுபோச்சுன்னுதானே அர்த்தம்?"

"அப்படியெல்லாம் இல்லக்கா…"

"போடு. கேக்கறேன்."

"வேண்டாம்க்கா."

"போடுறா."

அதுவரை என்னை அவர் டா போட்டதில்லை. ஃபைல் திரையில்தான் இருந்தது. ஒரு தட்டு தட்டினால் பாடும். அந்த நடுக்கத்தை அவர் காதுக்குள் என் கையால் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. "சிஸ்டம் ரிப்பேர்க்கா" என்றேன். திரையில் முறுக்கு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டு எழுந்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "பம்பாய்க்காரர்கிட்ட நான் குடுக்கல. கம்பெனிதான் குடுத்துச்சு. உன் பேர நான் சொல்லத்தான் செஞ்சேன். உனக்கு வருத்தமோன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன்" என்றார்.

"சேச்சே, என்னக்கா நீங்க. எனக்கென்ன வருத்தம்."

"எனக்கு மொதல்ல சொல்லியிருக்கலாம் பிரகாசம். அவ்வளவுதான்."

படி இறங்கும் சத்தம் கேட்டது. நிதானமாக, ஒரே சீராக. கடைசிப் படிவரை கேட்டேன்.

இந்த விஷயத்தில் நான் செய்ததெல்லாம் கேவலம். ஆனால் அந்தப் பாட்டை அவருக்குப் போட்டுக் காட்டாமல் விட்டேனே, அந்த ஒன்றாவது மனிதன் செய்கிற காரியம். அதை நினைத்துத்தான் இன்றைக்குத் தூங்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

காலையிலேயே குணசீலன் வீட்டுக்குப் போனேன். பல் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"குணா, நான் சொன்னது தப்புன்னு வச்சுக்கயேன். அக்காவையே கூப்பிடு."

வாயில் நுரையோடு சிரித்தான். "உங்க காது தப்பாச் சொல்லுமாண்ணே? நீங்க அக்கா மேல இரக்கப்பட்டுச் சொல்றீங்க. நல்ல மனசுண்ணே உங்களுக்கு."

கேரளத்துப் பெண்ணுக்கு ரயில் டிக்கெட் போட்டாயிற்றாம். நல்ல மனசோடு வீட்டுக்கு வந்தேன்.

ஜூலை 28, ஞாயிறு

கச்சேரியை ஸ்டெல்லா போனில் நேரலையாகப் பார்த்தாள். நான் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தேன். தொகுப்பாளர், "உடல்நலக் குறைவு காரணமாக வசுமதி அம்மா வர இயலவில்லை" என்று வருத்தத்தோடு அறிவித்தார். கூட்டத்தில் ஒரு 'ஆ' எழுந்தது. நாலாயிரம் பேர் சேர்ந்து சொன்ன 'ஆ'. போனின் சின்ன ஸ்பீக்கரில் அது ஒரு பெருமூச்சு அளவுக்குத்தான் கேட்டது. அதற்கு நான் எந்தக் குமிழைத் திருப்புவது?

கேரளத்துப் பெண் அக்காவின் பாட்டுகளை நன்றாகவே பாடியது. "நல்லாத்தான் பாடுது" என்றாள் ஸ்டெல்லா. ரெண்டு பாட்டுக்கப்புறம் போனை அணைத்துவிட்டாள்.

"ஏன்?"

"சும்மாதான்."

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்பதை அவள் சொல்லித்தான் கவனித்தேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

அகிலேஷ் நேரிலேயே வந்தான். தாடி வளர்ந்து, ஒரு வாரம் தூங்காதவன்போல இருந்தான். பையிலிருந்து ஹார்ட் டிஸ்கை எடுத்து என் மேஜையில் வைத்தான்.

"சார், நீங்கதான் பேசணும். வசுமதி அம்மா போன் பண்ணி, அவங்க குரல எடுத்துட்டு வேற யாரையாவது பாட வச்சுக்கச் சொல்றாங்க. இனிமே பாடறதில்லைன்னும் சொல்லிட்டாங்க. ஏன்னு கேட்டா, பிரகாசத்துக்குத் தெரியும்னு வச்சிடறாங்க. என்ன சார் நடந்துச்சு?"

நான் கொஞ்சம் தண்ணீர் குடித்தேன். "இல்லப்பா, அந்த ரெண்டாம் சரணம் இழுப்பு… கொஞ்சம் நடுக்கம் இருக்கில்ல…"

"நடுக்கமா? அந்த எடம் முடிஞ்சப்ப நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அழுதுட்டு நின்னேன் சார். ஒரே டேக். டைரக்டர் அதுக்காகவே சீனை மாத்தி எழுதிட்டிருக்காரு. நீங்க இன்னும் கேக்கவே இல்லையே? மிக்ஸ் நேத்துதான் முடிஞ்சுது, இதோ இப்பத்தான் கொண்டு வர்றேன்."

"என்னப்பா சொல்றே? மூணாம் தேதியே மாஸ்டர் பண்ணிக் குடுத்தேனே?"

"அது ட்ராக் சார். அம்மா வந்து பாடறதுக்கு முன்னாடி, மெட்டு தெரியறதுக்காக சும்மா பாடி வச்சது. அம்மா பதினொன்னாம் தேதிதானே வந்தாங்க?"

"ஃபைல்ல வசுமதின்னு போட்டிருந்துச்சே?"

"அவங்க பாடப்போற பாட்டுன்னு அப்படிப் பேர் வச்சேன் சார்."

திரையில் அந்தப் பழைய ஃபைலின் பெயரை மறுபடி எடுத்துப் பார்த்தேன்.

"அப்ப அதுல பாடினது யாருப்பா?"

அகிலேஷ் லேசாக வெட்கப்பட்டான். "எங்கக்கா சார். போரூர்ல பல் டாக்டர்."